பயோடெக், லைஃப் சயின்ஸ் பிஜி என்ட்ரன்ஸ்: தம்பி தங்கச்சிங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

நான் விருதுநகர் பக்கத்துல ஒரு எய்டட் காலேஜ்ல பிஎஸ்சி ஜுவாலஜி படிச்சவ. முதல் தடவை ஐஐடி ஜாம்ங்கிற எம்எஸ்சி என்ட்ரன்ஸ் எழுதி கிடைக்கல, அடுத்த வருஷம் ஜிஏடி-பிங்கிற இன்னொரு என்ட்ரன்ஸ் எழுதி எம்எஸ்சி பயோடெக் சேந்தேன். அதுல இருந்து ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் ஆனா போதும், ஜூனியர் பசங்க நம்பர் வாங்கி மெசேஜ் பண்ண ஆரம்பிச்சிடுவாங்க, அதே பயம் அதே சந்தேகம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போடுறதுக்குப் பதிலா எல்லாத்தையும் இங்க எழுதி வெக்கிறேன். கேள்வி எல்லாம் அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

அக்கா, எம்எஸ்சி சேர என்ட்ரன்ஸ் எதுக்கு? நம்ம ஊர் காலேஜ்லயே அப்ளிகேஷன் போட்டா கிடைக்குதே?

கிடைக்கும். அங்க படிச்சு நல்லா வந்தவங்க நிறைய பேர் இருக்காங்க, அதை நான் குறைச்சு சொல்லவே மாட்டேன். ஆனா வித்தியாசம் லேப்ல இருக்கு. பிஎஸ்சில எங்க காலேஜ்ல டிஎன்ஏவை நகலெடுக்குற பிசிஆர் மெஷின் ஒண்ணு இருந்துச்சு, மேடம் பட்டனை அமுக்குவாங்க, நாங்க 40 பேர் எட்டி எட்டிப் பாப்போம், ரெக்கார்டுல படம் வரைவோம், அவ்ளோதான். எம்எஸ்சில முதல் செமஸ்டர்லயே பிப்பெட்டை என் கைல குடுத்து நீயே பண்ணுன்னு விட்டுட்டாங்க, மூணு தடவை ஜெல்ல ஒண்ணுமே வரல, நாலாவது தடவை டிஎன்ஏ பேண்ட் தெரிஞ்சப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. அந்தக் கைப்பழக்கம்தான் பின்னாடி பிஎச்டி இன்டர்வியூல பேசும்.

இன்னொண்ணு காசு. டிபிடி, அதாவது மத்திய அரசோட பயோடெக்னாலஜி துறை, ஆதரவுல நடக்குற கோர்ஸ்ல சீட் கிடைச்சா மாசாமாசம் உதவித்தொகை உண்டு. சென்ட்ரல் யுனிவர்சிட்டில ஃபீஸும் பிரைவேட்டை விட ரொம்பக் கம்மி. வீட்டு நிலைமை பாத்து படிக்கிற பிள்ளைங்களுக்கு இது பெரிய விஷயம்.

என்னென்ன எக்ஸாம் இருக்கு, எது எழுதினா எங்க போகலாம்?

முக்கியமா மூணு. ஐஐடி ஜாம்ல பயோடெக்னாலஜி பேப்பர், பிப்ரவரில நடக்கும், 2004ல இருந்து நடக்குற பரீட்சை. ஐஐடி பாம்பே, ரூர்க்கி மாதிரி இடங்கள்ல எம்எஸ்சி, பெங்களூரு ஐஐஎஸ்சில இன்டக்ரேட்டட் பிஎச்டி எல்லாத்துக்கும் இந்த ஸ்கோர்தான் கேப்பாங்க. முன்னாடி பயாலஜிக்கல் சயின்ஸஸ்னு தனி பேப்பர் இருந்துச்சு, இப்போ அது இல்ல, பயோடெக் பேப்பர் மட்டும்தான். அதனால பழைய கொஸ்டின் பேப்பர் தேடுறப்போ ரெண்டு பேர்லயும் தேடுங்க, ரெண்டுமே உதவும்.

ரெண்டாவது ஜிஏடி-பி. டிபிடி ஆதரவு கோர்ஸுகளுக்கு இதுதான் வாசல், ஃபரிதாபாத்ல இருக்குற ரீஜனல் சென்டர் ஃபார் பயோடெக்னாலஜி பொறுப்புல மத்திய அரசோட தேர்வு முகமையான என்டிஏ நடத்துது, பெரும்பாலும் ஏப்ரல் மே. முன்னாடி ஜேஎன்யு நடத்தின சிஇஇபி பரீட்சையோட இடத்துலதான் இது வந்துச்சு. நம்ம மதுரை காமராஜர் யுனிவர்சிட்டி இதுல இருக்கு. மூணாவது சியூஇடி பிஜி, யுனிவர்சிட்டிங்களுக்கான பொது என்ட்ரன்ஸ், மார்ச் மாசம் வாக்குல, திருவாரூர் சென்ட்ரல் யுனிவர்சிட்டி, பாண்டிச்சேரி யுனிவர்சிட்டி, ஹைதராபாத், ஜேஎன்யு, டெல்லி, பனாரஸ் இதுக்கெல்லாம். ஆராய்ச்சிதான் என் வழின்னு ஏற்கனவே முடிவு பண்ணினவங்க பெங்களூரு என்சிபிஎஸ்ங்கிற உயிரியல் ஆராய்ச்சி மையம் எடுக்குற ஜெஜீபில்ஸ் பரீட்சையையும் பாருங்க, அது யோசிக்க வெக்கிற வேற மாதிரி பேப்பர்.

ஜிஏடி-பியும் கேட் எக்ஸாமும் ஒண்ணுதானே? ஒரு அண்ணன் கேட் புக் குடுத்தார்.

இல்ல, வேற வேற. கேட் ஐஐடிங்க நடத்துறது, முக்கியமா எம்டெக், பிஎச்டிக்கு. ஜிஏடி-பி டிபிடி கோர்ஸுக்கு. பேர் காதுல ஒரே மாதிரி விழறதால தப்பான ஃபார்ம் போட்ட பிள்ளைங்களை நான் பாத்திருக்கேன். அதே மாதிரி ஜிஏடி-பி கூடவே பெட்னு ஒரு பரீட்சை அறிவிப்பு வரும், அது எம்எஸ்சி முடிச்சவங்க பிஎச்டி ஃபெல்லோஷிப்புக்கு எழுதுறது, பிஎஸ்சி பசங்களுக்கு இல்ல. அந்த அண்ணன் குடுத்த புக்கைத் தூக்கிப் போட வேணாம், மாலிக்யுலர் பயாலஜி, பயோகெமிஸ்ட்ரி பகுதி மட்டும் படிங்க.

நான் பாட்டனி, என் ஃப்ரண்டு மைக்ரோ. பயோடெக் படிக்காதவங்க எழுதலாமா?

தாராளமா எழுதலாம். நானே ஜுவாலஜி. ஆனா சீட்டுக்கான தகுதி கோர்ஸுக்குக் கோர்ஸ் மாறும், பிஎஸ்சில என்ன சப்ஜெக்ட், எத்தனை சதவீதம்னு ஒவ்வொரு நிறுவனமும் தனியா போட்டிருப்பாங்க. அப்ளை பண்றதுக்கு முன்னாடியே அந்தப் பக்கத்தைப் படிச்சிடுங்க.

கொஸ்டின் பேப்பர் எப்படி இருக்கும்? மார்க் எப்படிப் பிரிப்பாங்க?

ஜாம் 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். முதல் பகுதில 30 கேள்வி நாலுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிறது, அதுல 10க்கு ஒரு மார்க், 20க்கு ரெண்டு மார்க், தப்பானா மூணுல ஒரு பங்கு கழியும். அடுத்தது எம்எஸ்க்யூ, 10 கேள்வி தலா 2 மார்க், சரியான விடை ஒண்ணுக்கு மேலயும் இருக்கலாம். கடைசில என்ஏடி, 20 கேள்வி, ஆப்ஷனே கிடையாது, நீங்களே நம்பரை டைப் பண்ணணும். கடைசி ரெண்டு பகுதிக்கும் நெகட்டிவ் இல்ல.

ஜிஏடி-பியும் 3 மணி நேரம்தான், மொத்தம் 240 மார்க். பார்ட் ஏ பிளஸ் டூ லெவல் ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், பயாலஜி 60 கேள்வி, எல்லாமே கட்டாயம், ஒரு மார்க், தப்புக்கு அரை மார்க் போகும். பார்ட் பில 100 கேள்வி குடுத்து 60 மட்டும் எழுதச் சொல்வாங்க, 3 மார்க், தப்புக்கு 1. சியூஇடி பிஜில 75 கேள்வி, சரியானா 4, தப்பானா மைனஸ் 1, 2025ல 90 நிமிஷம் குடுத்தாங்க. என்டிஏ அப்பப்போ மாத்தும், அதனால உங்க வருஷத்து அறிவிப்பை ஒரு தடவை முழுசா படிங்க, யாரோ அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீங்க.

எனக்கு பயாலஜி சூப்பரா வரும்க்கா. மத்ததை விட்டுட்டு பயாலஜில மட்டும் ஃபுல் மார்க் எடுத்தா பத்தாதா?

பத்தாது. நான் முதல் தடவை கோட்டை விட்டது சரியா இங்கதான். ஜாம் பயோடெக் சிலபஸ்ல பயாலஜிக்கு 44 சதவீதம்தான், கெமிஸ்ட்ரி 20, மேத்ஸ் 18, ஃபிசிக்ஸ் 18. அதாவது பாதிக்கு மேல, 56 மார்க், நாம தொடவே மாட்டேன்னு ஒதுக்கி வெச்ச சப்ஜெக்ட்ல இருக்கு. நான் அப்போ சேந்திருந்த ஒரு கோச்சிங் சென்டர்ல ஆறு மாசமும் பயாலஜி எம்சிக்யூ மட்டும்தான் ஓடுச்சு, மேத்ஸ் கேட்டா அதெல்லாம் ஸ்கிப் பண்ணிடலாம்மான்னு சொன்னாங்க, நானும் நம்பினேன். எக்ஸாம் ஹால்ல ஸ்கிரீனைப் பாத்தா கேள்விக்குக் கேள்வி நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தள்ளிக்கிட்டே இருந்தேன், ஒண்ணரை மணி நேரத்துல எனக்குத் தெரிஞ்சது எல்லாம் தீர்ந்துபோச்சு, மீதி நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அந்த உக்காந்திருந்த நேரம் இன்னும் எனக்கு வலிக்குது, அதனாலதான் இதைத் திரும்பத் திரும்ப எல்லாருக்கும் சொல்றேன்.

யோசிச்சுப் பாருங்க, பயாலஜில உங்களுக்குத் தெரிஞ்சது உங்க கூட எழுதுற எல்லாருக்கும் தெரியும். ஆளைப் பிரிக்கிறது மீதி மூணு சப்ஜெக்ட்தான்.

நான் பியூர் சயின்ஸ் குரூப். பத்தாவதோட மேத்ஸை விட்டாச்சு. நிஜமா என்னால முடியுமா?

முடியும். நானும் பியூர் சயின்ஸ்தான். ஆனா முதல்ல ஒண்ணு செக் பண்ணுங்க, சில நிறுவனங்கள் பிளஸ் டூல மேத்ஸ் படிச்சிருக்கணும்னு தகுதியிலேயே வெச்சிருக்கும். ஜாம் அட்மிஷன் பட்டியல்ல ஒவ்வொரு கோர்ஸ் பக்கத்துலயும் போட்டிருப்பாங்க. அப்படிப்பட்ட கோர்ஸை லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டு மீதி இடத்துக்குக் குறி வைங்க.

இப்போ படிக்கிற விதம். பிளஸ் ஒன் மேத்ஸ் புக்கை முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சீங்கன்னா பத்து நாள்ல மூடி வெச்சிடுவீங்க. பயாலஜிக்குள்ள ஏற்கனவே இருக்குற மேத்ஸ்ல இருந்து ஆரம்பிங்க. ஜெனிடிக்ஸ் முழுக்க நிகழ்தகவுதான். அப்பா அம்மா ரெண்டு பேரும் மூணு ஜீன்லயும் ஹெட்டிரோசைகஸ், பிள்ளைக்கு மூணுமே ரெசசிவா வர வாய்ப்பு என்ன? ஒவ்வொரு ஜீனுக்கும் நாலுல ஒண்ணு, மூணையும் பெருக்கினா 64ல 1. இதை நீங்க செகண்ட் இயர்லயே பண்ணியாச்சு, அதுக்குப் பேர் மேத்ஸ்னு யாரும் சொல்லல. நாலு எழுத்தை வெச்சு மூணு இடம் நிரப்பினா 64 கோடான், 20 அமினோ அமிலத்தை வெச்சு மூணு இடம் நிரப்பினா 8000 ட்ரைபெப்டைட், இதுதான் பெர்முடேஷன் சாப்டரோட முதல் பாடம்.

அடுத்தது லாக். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகுற பாக்டீரியா 3 மணி நேரத்துல 9 தலைமுறை, ரெண்டை ஒன்பது தடவை பெருக்கினா 512 மடங்கு. இதையே திருப்பிப் போட்டு, இவ்ளோ மடங்கு ஆக எவ்ளோ நேரம்னு கேட்டா அங்க லாக் வந்துடும். லாக் 2 மதிப்பு 0.301, லாக் 3 மதிப்பு 0.477, இது ரெண்டும் மனப்பாடம் இருந்தா முக்காவாசி கணக்கு ஓடும். நேர்கோட்டு சமன்பாடு பயமா இருந்தா என்சைம் வேகத்தைக் காட்டுற லைன்வீவர்-பர்க் படத்தை எடுங்க, கோடு ஒய் அச்சை வெட்டுற இடம் ஒண்ணு வகுத்தல் விமேக்ஸ், சாய்வு கேஎம் வகுத்தல் விமேக்ஸ். இவ்ளோ நாள் மனப்பாடம் பண்ணின படம் ஏன் அப்படி இருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்கே புரிஞ்சுது. இதெல்லாம் கைக்கு வந்த பிறகு மேட்ரிக்ஸ், டெரிவேட்டிவ், இன்டக்ரேஷன்னு ஒவ்வொண்ணா போங்க, தினம் அஞ்சே கணக்கு, ஆனா பேனாவால எழுதிப் போடுங்க. வீடியோல பாத்தா புரிஞ்ச மாதிரியே இருக்கும், ஹால்ல கை ஓடாது.

அப்போ ஃபிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும்? அதையும் இப்படியே படிக்கலாமா?

அதே வழிதான். சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்துற வேகத்தை ரெண்டு மடங்கு ஆக்கினா விசை நாலு மடங்கு ஆகும், வட்ட இயக்கம் சாப்டர். ரத்தக் குழாயோட ஆரம் பாதியா சுருங்கினா, மத்ததெல்லாம் அப்படியே இருந்தா, ஓட்டம் 16ல ஒரு பங்காயிடும், திரவம் சாப்டர். மைக்ரோஸ்கோப்னா ஒளியியல். கெமிஸ்ட்ரில பஃபர், வெப்ப இயக்கவியல், வேதிவினை வேகம், ஸ்டீரியோ கெமிஸ்ட்ரி நாலையும் விடாதீங்க, பயோகெமிஸ்ட்ரிக்கும் அதுவே அஸ்திவாரம்.

ஒரு சின்ன கேள்வி, போன வருஷம் ஒன்பது பேர்கிட்ட கேட்டேன், எட்டு பேர் தப்பு. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 10⁻⁸ மோலார், பிஹெச் என்ன? எல்லாரும் உடனே 8னு சொல்றாங்க. ஆசிட்டைத் தண்ணில ஊத்தினா எப்படி காரம் ஆகும்? தண்ணிலயே 10⁻⁷ அளவு ஹைட்ரஜன் அயனி இருக்கு, அதையும் சேத்துப் போட்டா விடை சுமார் 6.98. ஃபார்முலாவுல நம்பரைப் போட்டதும் விட்டுடாம, வந்த விடை நடக்கக்கூடியதான்னு ஒரு நொடி பாக்குற பழக்கம் இந்தப் பரீட்சைக்கு ரொம்ப ரொம்ப முக்கியம்.

எந்த புக்கு வாங்கணும்? லிஸ்ட் குடுங்க.

நிறைய வாங்காதீங்க. ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸுக்கு பிளஸ் ஒன் பிளஸ் டூ பாடப்புத்தகம் போதும், நம்ம ஸ்டேட் போர்டு புக்கும் சரி என்சிஇஆர்டியும் சரி நெட்ல ஃப்ரீ பிடிஎஃப் இருக்கு. 2018க்கு அப்புறம் வந்த நம்ம புது சிலபஸ் புக்கு நல்ல கனமான புக்கு, அது ஸ்டேட் போர்டுதானேன்னு ஒதுக்காதீங்க. பயாலஜிக்கு உங்க காலேஜ் லைப்ரரில இருக்குற பெரிய பயோகெமிஸ்ட்ரி புக்கு ஒண்ணு, செல் பயாலஜி புக்கு ஒண்ணு, மைக்ரோ, இம்யூனாலஜிக்கு கிளாஸ் நோட்ஸ். இதுக்கெல்லாம் மேல பழைய கொஸ்டின் பேப்பர், ஜாம் வெப்சைட்லயே விடையோட ஃப்ரீயா கிடைக்கும். ஒவ்வொரு பேப்பரையும் டைம் வெச்சு ஒரு தடவை, டைம் வெக்காம ஒரு தடவை, ஆக ரெண்டு தடவை போடுங்க.

நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். கேள்வி எல்லாம் இங்கிலீஷ்ல வருமே, படிச்சு முடிக்கவே நேரம் பத்தாதே?

இந்தக் கேள்வி கேக்குறவங்க யாரும் வெக்கப்படாதீங்க, உங்களுக்கு விஷயம் தெரியும், சொல்லு மட்டும்தான் மாறுது. ஜாமும் ஜிஏடி-பியும் இங்கிலீஷ்லதான், சியூஇடி பிஜில சயின்ஸ் பேப்பர் இங்கிலீஷ், ஹிந்தி, தமிழ் கிடையாது. ஒரு நாப்பது பக்க நோட்டு போடுங்க. இடது பக்கம் நீங்க படிச்ச தமிழ்ச் சொல், நொதி, ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு, குன்றல் பகுப்பு. வலது பக்கம் என்சைம், டாமினன்ட், ரெசசிவ், மியாசிஸ். ஒரு சாப்டருக்கு இருபது முப்பது சொல்லுதான் வரும்.

இன்னொரு வழி, கான்செப்ட்டை முதல்ல தமிழ் புக்குல படிச்சிட்டு அதே பாடத்தை உடனே இங்கிலீஷ் புக்குல படிங்க, அர்த்தம் தெரிஞ்சு படிக்கிறதால இங்கிலீஷ் தானா ஓடும். ஐஐடிங்களோட ஃப்ரீ வீடியோ பாடம் இருக்குற என்பிடெல்ல சில கோர்ஸுக்கு தமிழ்லயும் எழுத்து வடிவம் இருக்கு, தேடிப் பாருங்க. கேள்வில நாட், எக்செப்ட், இன்கரெக்ட் மாதிரி சொல்லு வந்தா ரஃப் ஷீட்ல அதை எழுதி வட்டம் போடுங்க, தமிழ் மீடியம் பிள்ளைங்க மார்க் விடுறது பெரும்பாலும் அங்கதான்.

கோச்சிங் போகாம முடியாதாக்கா? அப்பாகிட்ட அவ்ளோ காசு இல்ல.

முடியும். ரெண்டாவது தடவை நான் எங்கயும் போகல. கோச்சிங்ல கிடைக்கிறது டைம்டேபிளும் டெஸ்ட்டும்தான், அது ரெண்டையும் மூணு ஃப்ரண்ட்ஸ் சேந்தா நீங்களே பண்ணலாம். ஞாயிறு காலைல ஒரு பழைய பேப்பர், மதியம் உக்காந்து ஒவ்வொரு தப்பும் ஏன் தப்புன்னு பேசுறது. அப்படியும் சேரணும்னா முதல்ல ஒரே கேள்வி கேளுங்க: மேத்ஸ், ஃபிசிக்ஸ் யார் எடுப்பாங்க, வாரம் எத்தனை மணி நேரம்? பதில் மழுப்பலா வந்தா கிளம்பிடுங்க.

எப்போ ஆரம்பிக்கணும்? நடுவுல செமஸ்டர் வருது, ரெக்கார்டு நோட்டு வருது, ப்ராஜெக்ட் வேற.

ஃபைனல் இயர் ஜூன்ல ஆரம்பிச்சா நிதானமா போகலாம். ஜூன்ல இருந்து அக்டோபர் வரை பிளஸ் டூ மேத்ஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, ஏன்னா பயாலஜியை காலேஜ்ல எப்படியும் படிச்சிட்டுத்தான் இருப்பீங்க. நவம்பர் செமஸ்டருக்கு மூணு வாரம் விட்டுடுங்க, மனசை உறுத்திக்க வேணாம். டிசம்பர், ஜனவரி ரெண்டு மாசமும் பேப்பர் போடுறது மட்டும். ஜாம் முடிஞ்சதும் அதே படிப்பை வெச்சு மார்ச்ல சியூஇடி, அப்புறம் ஜிஏடி-பி, புதுசா ஒண்ணும் ஆரம்பிக்க வேண்டியதில்ல. ஜாம் அப்ளிகேஷன் செப்டம்பர், அக்டோபர்லயே முடிஞ்சிடும், நிறைய பேர் டிசம்பர்ல வந்து எப்போக்கா ஃபார்ம்னு கேக்குறாங்க, அப்போ ஒண்ணும் பண்ண முடியாது.

எம்எஸ்க்யூல எனக்கு எப்பவும் ஜீரோதான். பாதி தெரியுது, மார்க் வரல.

ஏன்னா பாதிக்கு மார்க்கே கிடையாது. ரெண்டு சவ்வு உள்ளது எது எதுன்னு கேட்டு மைட்டோகாண்ட்ரியா, குளோரோபிளாஸ்ட், நியூக்ளியஸ், லைசோசோம்னு நாலு குடுக்குறாங்கன்னு வைங்க. முதல் ரெண்டையும் டிக் பண்ணிட்டு நியூக்ளியஸை மறந்தா ஜீரோ. அதனால நாலு ஆப்ஷனையும் நாலு தனி கேள்வியா எடுத்துக்கோங்க, ஒவ்வொண்ணுக்கும் சரியா தப்பான்னு ரஃப் ஷீட்ல எழுதின பிறகுதான் மவுஸைத் தொடணும். மேல சொன்ன மாதிரி நெகட்டிவ் இல்லாததால காலியா மட்டும் விடாதீங்க.

என்ஏடில விடை சரியா வருது, ஆனா தப்புன்னு காட்டுது. கால்குலேட்டர் குடுப்பாங்களா?

ஜாம்ல ஸ்கிரீன்லயே கால்குலேட்டர் வரும், கையில கொண்டு போக முடியாது. ஜிஏடி-பி, சியூஇடில கால்குலேட்டர் இல்ல, அதுக்குத்தான் லாக் மதிப்பை மனப்பாடம் பண்ணச் சொன்னேன். அந்த ஸ்கிரீன் கால்குலேட்டரை மவுஸால ஒவ்வொண்ணா அமுக்கணும், பழக்கமில்லன்னா நேரம் தின்னும், மாக் டெஸ்ட் லிங்க்ல முன்னாடியே பழகிடுங்க.

விடை தப்பாகுறது பெரும்பாலும் யூனிட்டால. ஈ.கோலை டிஎன்ஏ 46 லட்சம் பேஸ் பேர், ஒவ்வொண்ணுக்கும் 0.34 நானோமீட்டர், நீளம் எத்தனை மில்லிமீட்டர்? பெருக்கினா நானோமீட்டர்ல சுமார் 15.6 லட்சம் வரும், கேட்டது மில்லிமீட்டர், 1.56னு போடணும். இன்னொண்ணு, கேட்டதை விட்டுட்டு வேற எதையோ போடுறது. ஹார்டி-வெய்ன்பெர்க் சமநிலைல இருக்குற 10,000 பேர்ல ஒருத்தருக்கு ரெசசிவ் நோய், கேரியர் எத்தனை பேர்னு கேட்டா, ரெசசிவ் ஜீனோட விகிதம் க்யூ 0.01னு கண்டுபிடிச்சதும் சந்தோஷத்துல 100னு போடுவாங்க. 2பிக்யூ போடணும், 198. கணக்கு முடிஞ்சதும் கேள்வியோட கடைசி வரியை மறுபடி படிங்க.

நெகட்டிவ் மார்க் இருக்கே, தெரியாததை கெஸ் பண்ணலாமா கூடாதா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஆளுக்கு ஒண்ணு சொல்றதுக்குக் காரணம், பரீட்சைக்குப் பரீட்சை பதில் மாறுது. ஒண்ணுமே தெரியாத 12 கேள்வியைக் கண்ணை மூடிட்டுப் போட்டா சராசரியா 3 சரி, 9 தப்பு. ஜாம்ல ஒரு மார்க் கேள்வின்னா பிளஸ் 3, மைனஸ் 3, கடைசில ஜீரோ. ஜிஏடி-பி பார்ட் பிலயும் பிளஸ் 9, மைனஸ் 9, அதுவும் ஜீரோ. பார்ட் ஏலதான் ஆபத்து, பிளஸ் 3, மைனஸ் 4.5, ஒன்றரை மார்க் நஷ்டம். சியூஇடில பிளஸ் 12, மைனஸ் 9, மூணு மார்க் லாபம்.

அதனால ஜாம்ல ஒரு ஆப்ஷனாவது நிச்சயமா தப்புன்னு தெரிஞ்சா போடுங்க. ஜிஏடி-பி பார்ட் ஏல ரெண்டு ஆப்ஷனை அடிச்சாத்தான் போடணும், இல்லன்னா விடுங்க. பார்ட் பில 100ல 60ஐத் தேர்ந்தெடுக்கிற சுதந்திரம் இருக்கு, அதனால முதல் சுத்துல உறுதியா தெரிஞ்சதை மட்டும் போட்டுட்டு, எண்ணிக்கை 60 ஆகலன்னா ரெண்டாவது சுத்து வாங்க. இந்தக் கணக்கை வீட்லயே போட்டு முடிவெடுத்துட்டுப் போங்க, ஹால்ல அந்தப் பதட்டத்துல முடிவெடுக்க முடியாது.

என்கிட்ட எம்பிசி சர்டிஃபிகேட் இருக்கு. அதையே அப்லோட் பண்ணிடலாமா?

பண்ணாதீங்க. இதை எவ்ளோ சத்தமா சொன்னாலும் தகும். நம்ம ஸ்டேட் பிசி, எம்பிசி சர்டிஃபிகேட் இந்த மத்திய அரசு இடங்களுக்குச் செல்லாது, ஓபிசி நான் கிரீமி லேயர்னு மத்திய அரசு ஃபார்மேட்ல தனியா வாங்கணும். இ-சேவை மையத்துல அப்ளை பண்ணா விஏஓ, ஆர்ஐ கடந்து தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வரும். நம்ம ஸ்டேட் லிஸ்ட்ல இருக்குற எல்லா சமூகமும் மத்திய லிஸ்ட்ல இருக்காது, உங்க சமூகப் பேர் அங்க எந்த எழுத்துல இருக்குன்னும் பாருங்க. தேதியும் முக்கியம், அறிவிப்புல எந்த ஏப்ரல் 1க்கு அப்புறம் வாங்கினது வேணும்னு போட்டிருப்பாங்க, பழசு எடுபடாது.

என் கூடப் படிச்ச ஒரு பொண்ணுக்கு நல்ல ரேங்க், கவுன்சலிங் நேரத்துல சர்டிஃபிகேட் கைல இல்லாம பொதுப் பிரிவுல வெச்சுட்டாங்க, அந்த வருஷம் சீட் போச்சு. ஜூன், ஜூலைலயே வாங்கி வெச்சிடுங்க. பொண்ணுங்களுக்கும் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கும் ஜாம் ஃபீஸ் பாதிதான், அதையும் கவனிங்க.

ஒரு அரியர் இருக்கு, ரிசல்ட்டும் ஜூலைலதான் வரும். எழுதலாமா?

ஃபைனல் இயர் படிக்கிறவங்க எழுதலாம். ஆனா சேர்றப்போ அவங்க சொல்ற கடைசித் தேதிக்குள்ள டிகிரி முடிச்ச அத்தாட்சி காட்டணும், அரியர் நின்னா சீட் நிக்காது. அந்த ஒரு பேப்பரை நவம்பர்லயே முடிச்சிடுங்க, இதுக்கு வேற குறுக்கு வழி இல்ல.

ரேங்க் வந்துடுச்சு! இனி அவங்களே கூப்பிடுவாங்கதானே?

கூப்பிட மாட்டாங்க! ஜாமுக்கு ரிசல்ட் வந்ததும் அட்மிஷன் போர்ட்டல்ல தனியா அப்ளை பண்ணி, கோர்ஸை வரிசைப்படுத்தணும். ஜிஏடி-பில பொதுவான கவுன்சலிங்கே இல்ல, ஒவ்வொரு யுனிவர்சிட்டி வெப்சைட்லயும் தனித்தனியா ஃபார்ம் போடணும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கடைசித் தேதி. சியூஇடியும் அப்படித்தான். சில இடத்துல பரீட்சைக்கு முன்னாடியே ஃபார்ம் திறந்து மூடிடுவாங்க. ஒரு பேப்பர்ல கட்டம் போட்டு, யுனிவர்சிட்டி பேர், ஃபார்ம் தேதி, ஃபீஸ், என்ன சர்டிஃபிகேட்னு எழுதி சுவத்துல ஒட்டுங்க.

வடக்க எல்லாம் அனுப்ப மாட்டோம்னு வீட்ல சொல்றாங்க. பொண்ணா பொறந்தது தப்பா?

தப்பே இல்ல தங்கச்சி. எங்க வீட்லயும் இதேதான் நடந்துச்சு. முதல்ல வடக்குன்னு ஒரே வார்த்தைல பேசாதீங்க, மதுரை, திருவாரூர், பாண்டிச்சேரி, பெங்களூரு, ஹைதராபாத் எல்லாம் இதே பரீட்சையால போகக்கூடிய இடம்தான். அப்பாகிட்ட பேசுறப்போ ஹாஸ்டல் யுனிவர்சிட்டிக்குள்ளயே இருக்கா, ஃபீஸ் எவ்ளோ, உதவித்தொகை எவ்ளோ, எந்த ட்ரெயின் எத்தனை மணிக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. ஏற்கனவே அங்க படிக்கிற நம்ம ஊர் பொண்ணு ஒருத்தியை அம்மாகிட்ட ஃபோன்ல பேச வைங்க. எங்க அம்மா மனசு மாறினது ஒரு சீனியர் அக்கா, ஆன்ட்டி இங்க சாயங்காலம் இட்லி கிடைக்கும்னு சொன்னப்போதான்.

இந்த வருஷம் கிடைக்கலன்னா ஒரு வருஷம் வீட்ல இருந்து படிக்கலாமா, இல்ல ஏதாச்சும் எம்எஸ்சில சேந்துட்டு மறுபடி எழுதவா?

ஜாம் ஸ்கோர் அந்த வருஷ அட்மிஷனுக்கு மட்டும்தான், அடுத்த வருஷத்துக்கு மறுபடி எழுதணும். இடைவெளி எடுக்கலாமா வேணாமாங்கிறது ஒரே விஷயத்துல இருக்கு: போன தடவை எதுல மார்க் போச்சுன்னு உங்களால சரியா சொல்ல முடியுதா? எனக்கு மேத்ஸும் ஃபிசிக்ஸும்னு தெளிவா தெரிஞ்சுது, அதனால ஒரு வருஷம் எடுத்தேன். காலைல பக்கத்து மெட்ரிக் ஸ்கூல்ல ஆறாவது, ஏழாவதுக்கு சயின்ஸ் எடுத்தேன், சாயங்காலம் பிளஸ் ஒன் பொண்ணு ஒருத்திகூட உக்காந்து அவ மேத்ஸ் ஹோம்வொர்க்கை நானும் சேந்து போட்டேன். எதுல போச்சுன்னே தெரியலன்னா, அல்லது வீட்ல சும்மா இருந்தா மனசு உடைஞ்சிடும்னா, பக்கத்துல எம்எஸ்சி சேந்துட்டு எழுதுங்க. ஆனா சேர்றதுக்கு முன்னாடி டிசி, மார்க் ஷீட் ஒரிஜினலைத் திருப்பிக் குடுக்க எத்தனை நாள் ஆகும், கட்டின ஃபீஸ்ல எவ்ளோ திரும்ப வரும்னு ஆபீஸ்ல கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, ஜூலைல சீட் கிடைச்சு ஓடுற நேரத்துல அந்த ஒரிஜினல் கைக்கு வரணும்.